வழவழப்பை நம்பாத பாலிஷ்காரர்

வழவழப்பான எதையுமே நம்பாத மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் உண்டு. அவருக்கு வேலை, ஆந்திர எல்லையில் குப்பம் என்கிற ஊரில் ஒரு கிரானைட் பட்டறையில் கல்லை வழவழப்பாக்குவது.

எங்களுக்கு அவர் பெயர் பிடிமானம். சொந்தப் பெயர் என்று ஒன்று ஆதார் அட்டையில் இருந்திருக்கும். நகரிப் பக்கத்து ஆள். மனைவி அங்கே பவர்லூம் ஓட்டிக்கொண்டிருந்தார். நான் புத்தூரில் ஓட்டல் வேலை போய், கையிலிருந்ததற்கு எவ்வளவு தூரம் டிக்கெட் கிடைக்குமோ அவ்வளவு தூரம் போய் இறங்கியபோது அது குப்பமாக இருந்தது. பட்டறைக்குப் பின்னால் தகர ஷெட்டில், பிடிமானத்தின் பாய்க்கு அடுத்து என் பாய்.

பள்ளிக்கூடத்தில் உராய்வு என்று ஒரு பாடம் வந்தது நினைவிருக்கிறது. அது முடிவதற்குள் நான் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டேன். மீதிப் பாடம் குப்பத்தில், யாரும் கேட்காமலே நடந்தது.

"வத்திக்குச்சி இன்னாத்துல பத்திக்குது? பெட்டி சொரசொரன்னு கீதே, அதுல. அதையும் நம்ம மிஷின்ல வெச்சு பாலிஷ் பண்ணிட்டா நீ பீடி குடிக்க முடியுமாபா?"

"நான் பீடியே குடிக்கறதில்ல."

"சரி, நடக்கறியா? தரை உன் காலைப் புடிச்சிக்கினு விடறதாலதான் நடக்கற. இல்லன்னா நின்ன எடத்துலயே சைக்கிள் மிதிக்கற மாதிரி மிதிச்சிக்கினு இருப்ப."

கல்யாணத்துக்கும் அவரிடம் இதே கணக்குதான். வீட்டம்மா தினமும் சாயங்காலம் போனில் சண்டை போடுவார். ஒரு நாள் சண்டை போடாமல் "சரிங்க, சரிங்க" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பிடிமானம் அன்றைக்குச் சோறு தின்னவில்லை. "உரசாம போவுதுபா. எங்கியோ வழுக்குது" என்று மறுநாள் முதல் பஸ்ஸில் நகரிக்குப் போய், நன்றாகத் திட்டு வாங்கிக்கொண்டு நிம்மதியாகத் திரும்பி வந்தார்.

பகலெல்லாம் முகம் தெரிகிற அளவுக்குக் கல்லை மெருகேற்றுவார். ஷிப்ட் முடிந்ததும் உலகத்தைச் சொரசொரப்பாக்கக் கிளம்பிவிடுவார். எங்கள் செருப்புகளைப் பிடுங்கி, கத்தியைச் சூடு பண்ணி, அடியில் கோடு கோடாக இழுப்பார். தண்ணீர்ச் சொம்புக்குச் சணல் சுற்றுவார். குளிக்கிற இடத்துக் கல்லைக் கொத்தி வைத்ததில் வழுக்கி விழுவது நின்றது; ஆனால் குதிகாலில் பித்தவெடிப்பு இருந்தவர்கள் எல்லோரும் அவரைச் சபித்தார்கள். பஸ் ஸ்டாண்டில் நிற்கிற பைக்குகளின் டயரை நகத்தால் கீறிப் பார்த்து, முன்பின் தெரியாத ஆளிடம், "பின்னாடி டயர் மொட்டையாப் பூடுச்சு நைனா, மழைக்கு முன்னாடி மாத்திடு" என்பார். இதற்காக இரண்டு தடவை அடி வாங்கியிருக்கிறார். இரண்டு தடவையும், அடித்தவனின் செருப்பு தேய்ந்திருக்கிறதா என்றும் பார்த்து வைத்திருந்தார்.

இதில் வேடிக்கை, அந்த மனிதரின் விரல்களில் கோடே கிடையாது. கல்லும் ஈரமுமாக இருபது வருடம் தேய்த்ததில் விரல் நுனியெல்லாம் அவரே பாலிஷ் போட்ட மாதிரி ஆகிவிட்டது. பட்டறையில் வருகைக்குக் கட்டைவிரல் மிஷின் வைத்தபோது, பதினெட்டு தடவை விரலை வைத்தார். பதினெட்டு தடவையும் "ப்ளீஸ் ட்ரை அகெய்ன்" என்றது.

"அதுக்கும் பிடிமானம் கெடைக்கல, பாவம்" என்றார்.

ஓனர் தெலுங்கர்; பிடிமானம் பழைய ஆள் என்று அவரை மட்டும் நோட்டில் கையெழுத்துப் போட விட்டார். மற்ற பட்டறைகளில் விரல் விழாதவனுக்கு வேலை இல்லை. அதாவது, இந்த ஒரு இடம் போனால் பிடிமானத்துக்குக் குப்பத்தில் வேறு இடம் கிடையாது.

விரல்தான் அப்படி. உள்ளங்கையில் காய்ப்பு ஏறி எமரித் தாள் மாதிரி இருக்கும். கல் தூள் பட்டு முதுகு அரித்தால், ஷெட்டில் எல்லோரும் அவர் முன்னால் வரிசையாகத் திரும்பி நிற்போம். ஒரு இழுப்பு இழுப்பார், சொர்க்கம். ஒரு தடவை எனக்குக் காய்ச்சல் வந்து நாலு நாள் கிடந்தேன். அவர் நெற்றியில் கை வைத்துப் பார்த்ததில் காய்ச்சலோடு கொஞ்சம் தோலும் போனது.

இப்படி இருக்கும்போதுதான் ஓனர் புது வீடு கட்டினார். வாசலில் மூன்று படி, கறுப்புக் கல், வெளிநாட்டுக்குப் போக இருந்த பலகையை நிறுத்தி வைத்து அறுத்தது. அதற்குக் கடைசி மெருகு கொடுத்தது பிடிமானமேதான். கொடுத்துவிட்டு, "சார், ஓரமா ஒரு வரி கொத்திடறேன், வழுக்கும்" என்றார்.

"முகம் தெரியற கல்லுல கொத்தறதா? ஏமய்யா, பைத்தியமா உனக்கு?"

பிடிமானம் சரி என்று தலையாட்டினார். மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், துணி துவைக்கிற இடத்துக்குப் போகும் பின்வாசல் படியைக் கொத்திவிட்டார். முன்வாசல் கூடாது என்றுதானே சொன்னார் என்பது அவர் வாதம்.

ஓனர் வந்து பார்த்தார். கத்தவில்லை. "கிருஹப்பிரவேசம் முடிஞ்ச அன்னிக்கே ஊருக்குக் கிளம்பிடு. சொல்லாம கொத்தற ஆள் எனக்கு வேணாம்" என்றார்.

அந்த நாள் வந்தது. பிடிமானம் சுத்தியல், உளி, இரண்டு சட்டை எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டிக்கொண்டு விசேஷத்துக்கு வந்தார்.

"போகச் சொன்ன வீட்டுக்குச் சாப்பிட வரியே" என்றேன்.

"வேலை போச்சு. பசி போவலியே" என்றார்.

காலை பத்து மணிக்கு முகூர்த்தம். முதலில் பசுமாடு வீட்டுக்குள் நுழைய வேண்டும், பிறகுதான் மனிதர்கள். படி போட்டோவில் பளிச்சென்று தெரியட்டும் என்று யாரோ தேங்காய் எண்ணெய் வேறு தடவித் துடைத்திருந்தார்கள். மாடு முன்னங்காலை முதல் படியில் வைத்தது. கால் சர்ரென்று போனது. மாடு முட்டி போட்டது, எழுந்தது, படியில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்தது, நாலடி பின்னால் போய் நின்றுகொண்டது.

"லட்சுமி வாசல்லயே நின்னுட்டாளே" என்று ஓனரின் அம்மா தலையில் கை வைத்தார்.

கோணிப்பை போட்டார்கள். மாடு கால் வைத்ததும் கோணி மாட்டோடு சேர்ந்து வழுக்கியது. மணல் தூவினார்கள். ஓனரின் மச்சான், இப்போது பயமில்லை என்று காட்ட வேகமாக ஏறினார். உட்கார்ந்தபடி இறங்கினார். மணல் யோசனை என்னுடையது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

"வழவழ கல்லுல மணல் போட்டா கோலிகுண்டு மேல நடக்கற மாதிரிபா" என்று பிடிமானம் என் காதில் சொன்னார்.

ஓனர் புரோகிதரைப் பார்த்தார். "இன்னும் இருபது நிமிஷம்" என்றார் புரோகிதர். ஓனர் பிடிமானத்தைப் பார்த்தார். பிடிமானம் மாட்டின் குளம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னய்யா சும்மா பாத்துக்கினு நிக்கற?"

"சொல்லுங்க சார். சொல்லாம கொத்தினேன்னுதானே போகச் சொன்னீங்க."

மேலே டிரோன் கேமரா சுற்றிக்கொண்டிருந்தது. ஓனர் தன் முகம் தெரிகிற படியைக் கடைசியாக ஒரு தடவை பார்த்தார்.

"கொத்து."

"எத்தினி படி?"

"மூணும்."

பையிலிருந்து உளி வந்தது. எண்ணெயைத் துடைத்தார், மணலைக் கூட்டினார், கொத்த ஆரம்பித்தார். அம்மிக்குக் கொத்துகிற மாதிரி நெருக்கமாக, ஒரு மாடு ஏறுகிற அகலத்துக்கு மட்டும். டொக் டொக்கென்ற சத்தத்துக்குத் தவில்காரர் தன்னை அறியாமல் தாளம் போட ஆரம்பித்து, யாரோ முறைத்ததும் நிறுத்தினார். கறுப்புக் கல்லில் வெள்ளைப் புள்ளிகள் விழுந்துகொண்டே போயின. கடைசிப் படி முடிந்ததும் பிடிமானம் அதன்மேல் தண்ணீர் ஊற்றி, ஒற்றைக் காலில் நின்று காட்டினார்.

மாடு மோந்து பார்த்தது. கால் வைத்தது. ஏறியது. முன்னங்கால் இரண்டும் நிலையைத் தாண்டியதும், "வந்தாச்சு, லட்சுமி வந்தாச்சு" என்று புரோகிதர் அவசரமாக அறிவித்துவிட்டார். ஹால் தரையும் முகம் தெரிகிற கல்தான் என்பதை அவர் கவனித்திருந்தார்.

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, பிடிமானம் பையோடு ஓனர் முன்னால் போய் நின்றார்.

"நகரி பஸ்ஸுக்கு நேரமாவுது சார், வரட்டா?"

ஓனர் பேசுவதற்குள் அவர் அம்மா பேசினார். ஒரு மாதமாக அந்த ஹாலை நினைத்தாலே முட்டி நடுங்குகிறது, மகன் ஆசைப்பட்டுப் போட்டது என்று வாயைத் திறக்கவில்லை என்றார்.

ஓனர் வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீ நகரிக்குப் போய்ட்டா, ஹாலை உங்க நைனாவா வந்து கொத்துவாரு? காலையில வா. நோட்டுல கையெழுத்துப் போட்டுட்டு ஆரம்பி."

அடுத்த மாதம் நான் கிளம்பிவிட்டேன். காரணமெல்லாம் இல்லை, எப்போதும் போலத்தான். "உன் கால்ல இன்னாபா, எண்ணெயா?" என்று கேட்டபடி செருப்பில் புதுசாகக் கோடு இழுத்துக் கொடுத்தார். பிறகு காளஹஸ்தி, திருப்பதி, நடுவில் பெயர் மறந்த ஊர்கள்.

போன மழைக்குக் குப்பம் வழியாகப் போனேன். இறங்கி விசாரித்தால், பிடிமானம் நகரிக்குப் போயிருக்கிறாராம். வீட்டம்மா இரண்டு நாளாகப் போனில் சண்டை போடவில்லையாம். எப்போது வருவார் என்று கேட்க ஓனர் வீட்டுக்குப் போனேன். செருப்பை வெளியில் விட்டு, பிடிமானம் கொத்திய ஈரப்படியில் ஏறி மணியை அழுத்தினேன். யாரும் வரவில்லை. நானும் இறங்கவில்லை. காலுக்கடியில் அவருடைய உள்ளங்கை இருந்தது.