திரிசலாவின் பின்சீட்டு

"கொஞ்சம் நிறுத்துங்க" என்றாள் திரிசலா.

குந்துநாதன் ஸ்கூட்டரை நிறுத்தினான். பாலாற்றைத் தாண்டுவதற்குள் ஒரு தடவை நிறுத்தியாகிவிட்டது. தூசி என்ற ஊரில் ஒரு தடவை. இப்போது ஊரும் இல்லாத பேரும் இல்லாத இடத்தில் ஒரு வேப்பமரத்தடி.

"மறுபடியும் இடுப்பா?"

"பின்ன? சீட்டா இது, அம்மிக்கல்லு. முன்னால குந்திக்கினு ஓட்டறவருக்கு இன்னா தெரியும்."

அவள் இறங்கி வேப்பமரத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். கோயில் பிராகாரத்தைச் சுற்றுகிறவர்கள்கூட அதைவிட வேகமாக நடப்பார்கள். குந்துநாதன் மனைவியைப் பார்க்கவில்லை, மேற்கே சூரியனைப் பார்த்தான். அது இறங்கிக்கொண்டிருந்தது. அதற்கு இடுப்புவலி ஒன்றும் இல்லை.

அவன் கவலை நியாயமானதுதான். வந்தவாசிக்கு அப்பால் இருக்கும் அவன் மாமனார் சந்திரநாத நயினாரின் வீடு சமணர் வீடு. பொழுது சாய்ந்தபின் அங்கே ஒருவரும் சாப்பிடக் கூடாது. விளக்கேற்றினால் அடுப்படிக்கு விடுமுறை. வந்திருப்பவர் மாப்பிள்ளையானாலும் சரி, மந்திரியானாலும் சரி, ஒரு சொம்பு தண்ணீரோடு படுக்க வேண்டியதுதான். செய்ததை எடுத்துவைத்து மறுநாள் தின்னும் பழக்கமும் அங்கே கிடையாது. குந்துநாதனும் அதே வழக்கத்தில் பிறந்து வளர்ந்தவன், ஆகையால் வழக்கத்தின்மேல் அவனுக்கு வருத்தம் இல்லை. வருத்தமெல்லாம் சூரியன்மேல்தான்.

அவன் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டு நெசவாளர் சங்கத்தில் குமாஸ்தா. சனிக்கிழமை அரைநாள் வேலை. ஞாயிறு காலையில் நெசவாளர்களுக்குப் பாவு நூல் கொடுக்கும் வேலை இருப்பதால் விடிவதற்குள் மாமனார் ஊரை விட்டுப் புறப்பட்டாக வேண்டும். ஆக, மாதம் ஒரு முறை போகிற மாமியார் வீட்டில் அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு சாப்பாடு, சனிக்கிழமை சாயங்காலச் சாப்பாடு.

அந்தச் சாப்பாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். வெங்காயம், பூண்டு எதுவும் சேராத சமையலில் இத்தனை ருசி எங்கிருந்து வருகிறது என்று குந்துநாதன் பல நாள் யோசித்திருக்கிறான். மாமியார் குணமாலா கைபட்ட வாழைப்பூ வடை, மோர்க்குழம்பு, தேங்காய்ப்பால் பாயசம் ஆகியவற்றுக்காக அவன் எதையும் செய்வான். கல்யாணத்துக்குச் சம்மதம் சொன்னதே பெண் பார்க்கப் போனபோது தின்ற வடையால்தான் என்று சங்கத்தில் ஒரு பேச்சு உண்டு. அதை அவன் மறுத்ததில்லை.

பஸ்ஸில் போய்வந்த காலத்தில் எல்லாம் ஒழுங்காக நடந்தது. வெயில் இருக்கும்போதே போய்ச் சேர்ந்து, கைகால் கழுவி, மாமனார் பக்கத்தில் இலைமுன் உட்கார்ந்துவிடுவான். மாமியார் வீட்டில் அவசர அவசரமாகச் சாப்பிடுவது அவர்களை அவமதிப்பது என்பது அவன் கொள்கை. ஒரு வடைக்கும் அடுத்த வடைக்கும் நடுவே ஊர்க்கதை ஒன்று சொல்வான். மாமியாரும் மச்சினி பிராமியும் மாற்றி மாற்றிப் பரிமாறுவார்கள். "சூரியன் உக்காரும், நான் எழுந்திருப்பேன்" என்று கூட வேலை பார்க்கும் ராஜவேலுவிடம் பெருமையடித்துக்கொள்வான்.

இன்னும் சீக்கிரமாகப் போய் இன்னும் நிதானமாகச் சாப்பிடலாம் என்றுதான், வருஷக்கணக்காகக் காத்திருந்து ஸ்கூட்டர் வாங்கினான். வாங்கியது முதல் ஒரு சாப்பாடும் கிடைக்கவில்லை. போய்ச் சேரும்போது விளக்கு எரியும். "மாப்ளேக்கு ஒண்ணுமே தர முடியலியே" என்று மாமியார் தண்ணீர்ச் சொம்பை நீட்டுவாள். அவளும் பிராமியும் முன்னைவிடச் சற்றுத் தெளிந்து பூரித்திருப்பதாக அவனுக்குத் தோன்றும். ஸ்கூட்டர் வைத்திருக்கும் மாப்பிள்ளை என்றால் பெண்களுக்குப் பெருமை இருக்காதா என்று அந்தப் பட்டினியிலும் மகிழ்ந்துகொள்வான்.

அன்றும் அப்படியே ஆயிற்று. இருட்டில் வயிறு பேசுவதைக் கேட்டபடி படுத்திருந்தவன் ஒரு முடிவுக்கு வந்தான். பழுது மனைவியிடம் இல்லை, சீட்டில் இருக்கிறது. சீட்டைச் சரிசெய்தால் சாப்பாடு தானாக வரும். பஸ்ஸின் கட்டைச் சீட்டில் அத்தனை வருஷம் முனகாமல் வந்தவளுக்கு இப்போது மட்டும் ஏன் வலிக்கிறது என்று ஒரு சின்னக் கேள்வி எட்டிப் பார்த்தது. பசித்தவனுக்கு ஆராய்ச்சி எதற்கு என்று அதை விரட்டிவிட்டான்.

அடுத்த மாதம் கல்யாணச் சீரில் வந்த ஜமக்காளத்தை மடித்துப் பின்சீட்டின் மேல் போட்டான். செவிலிமேடு போவதற்குள் ஜமக்காளம் வழுக்கி, அதோடு திரிசலாவும் வழுக்கினாள். கயிற்றால் கட்டினான். அவள் இறங்கும்போதெல்லாம் கயிறு அவிழ்ந்தது, அவிழ்ந்ததைக் கட்ட நேரம் ஆயிற்று, பொழுது போயிற்று. அன்றும் தண்ணீர்தான்.

"உன் பேருலயே குந்து இருக்குது, உன்னால ஒரு பொம்பளைய ஒழுங்கா குந்தவைக்க முடியலியே" என்றான் ராஜவேலு. சொன்னதோடு நில்லாமல் பெரிய காஞ்சிபுரம் பஸ் நிலையத்தின் பக்கம் ரிக்‌ஷாக்களுக்கும் சினிமாக் கொட்டகை நாற்காலிகளுக்கும் மெத்தை தைக்கும் வீராசாமியிடம் அழைத்துப் போனான். வீராசாமி ஸ்கூட்டரைச் சுற்றி வந்து, இலவம்பஞ்சு போட்டால் மகாராணி மாதிரி போகலாம் என்றார். தாராளமாகவே போட்டார். திரிசலா ஏறி உட்கார்ந்தபோது அவள் மார்பு உயரத்துக்குத்தான் குந்துநாதனின் தலை வந்தது. அவர்கள் குடியிருந்த சின்ன காஞ்சிபுரம் தெருவில் ஜனங்கள் வாசலுக்கு வந்துவிட்டார்கள். கருட சேவைக்கு இன்னும் நாள் இருக்கிறதே என்று ஒருவர் கேட்டார். குடை பிடிக்க ஆள் வேண்டுமா என்று இன்னொருவர் கேட்டார். கருடன் வாயைத் திறக்காமல் வண்டியைக் கிளப்பினான்.

பாலாற்றங்கரையில் மழை பிடித்துக்கொண்டது. பஞ்சு வஞ்சனையில்லாமல் குடித்தது. ஈரத்தில் உட்கார்ந்தால் ஜுரம் வரும் என்று திரிசலா இறங்கிவிட்டாள். அவன் மெத்தையைப் பிழிந்து கொண்டிருந்தபோது, மழை விட்டு, வானம் வெளுத்து, சூரியன் ஒரு தடவை முகம் காட்டிவிட்டுப் போய்விட்டது.

பஞ்சை எடுத்துவிட்டுக் கழிவுப் பட்டு வைக்கலாம் என்பது ராஜவேலுவின் அடுத்த யோசனை. சங்கத்தில் அது குப்பையாகக் கிடந்தது. அதைத் திணித்துத் தைத்ததும் சீட்டு வெண்ணெயாக இருந்தது. வந்தவாசிக்குக் கிட்டே வரும்வரை திரிசலா ஒன்றும் சொல்லவில்லை. அவனால்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. உள்ளே இருப்பது பட்டு என்று பெருமையாகச் சொல்லிவிட்டான்.

"வண்டிய நிறுத்துங்க. எத்தினி பூச்சிய கொதிக்கவச்சாங்களோ, அதும் மேல என்ன குந்தச் சொல்றீங்களா?"

நெசவாளர் சங்கத்துச் சம்பளத்தில்தான் நம் வீட்டு உலை கொதிக்கிறது, உன் கல்யாணப் புடவை வாழைநாரில் நெய்ததா என்று கேட்கச் சொற்கள் அவன் தொண்டைவரை வந்தன. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆனவன் என்பதால் விழுங்கிக்கொண்டான். அன்று அவன் விழுங்கியது அது ஒன்றுதான். மீதித் தூரத்தை அவள் நடக்க, அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போனான். வழியில் வந்த மாட்டுவண்டிக்காரர் ஒருவர் இரக்கப்பட்டு, பெட்ரோல் தீர்ந்துபோச்சா என்று விசாரித்தார்.

பிறகு காற்று. காற்றில் எந்த உயிரின் பாவமும் இல்லை அல்லவா? பழைய லாரி டியூபை வெட்டி ஒட்டி, காற்றடித்து, மேலே ரெக்சின் போர்த்திக் கொடுத்தார் வீராசாமி. ஒவ்வொரு பள்ளத்துக்கும் திரிசலா மேலே போய்த் திரும்பி வந்தாள். ஒரு தடவை போனவள் திரும்பி வருகிறாளா என்று அவன் தலையைத் திருப்பிப் பார்த்தான், அந்தக் கணத்தில் வண்டி கல்லில் ஏறி டியூப் வெடித்தது. எதிரே வந்த வண்டிமாடுகள் மிரண்டு, நுகத்தடியை உதறிவிட்டு வயலுக்குள் ஓடின. வண்டிக்காரர், கழிவுப் பட்டு நாளில் பெட்ரோலை விசாரித்த அதே மனிதர். இந்தத் தடவை அவர் இரக்கப்படவில்லை. மாடுகளைப் பிடித்துக் கட்டும்வரை குந்துநாதனை அவர் விடவில்லை. அவன் சேற்றில் விழுந்து எழுந்து ஓடுவதைத் திரிசலா வரப்பில் உட்கார்ந்து நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடுப்புவலியைப் பற்றி அன்று அவள் பேச்சே எடுக்கவில்லை.

அதோடு விட்டிருந்தால் அவன் புத்திசாலி. ஆனால் வாழைப்பூ வடை கனவில் வர ஆரம்பித்துவிட்டது. நேரே வீராசாமியிடம் போய் உட்கார்ந்தான்.

"வீராசாமி, எனக்கு சீட்டு வாணாம். என் பொஞ்சாதி வாயே தொறக்காம வந்தவாசி தாண்டணும். அதுக்கு ஒரு வழி சொல்லு."

வீராசாமி வெகுநேரம் யோசித்தார். பிறகு, புடவை கட்டியவர்கள் ஒருபக்கமாகத்தானே உட்காருகிறார்கள், அவர்கள் முதுகு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தானே சாய்மானம் வேண்டும் என்றார். சொன்னபடியே செய்தார். ரப்பர் மெத்தை, வலப்பக்கம் இரும்புக் குழாயில் பிரம்பு பின்னிய சாய்மானம், விழாமல் இருக்க இரு பக்கமும் கைப்பிடி, இடப்பக்கம் கால்வைக்கப் பலகை. ஸ்கூட்டருக்குப் பின்னால் ஒரு சாய்வு நாற்காலி முளைத்ததுபோல் இருந்தது. பரீட்சை செய்து பார்க்க, ராஜவேலு வண்டியோட்ட, குந்துநாதன் புடவை கட்டியவர்களைப்போல ஒருபக்கமாகப் பின்னால் உட்கார்ந்து ஏனாத்தூர் வரை போய்வந்தான். ஊர் சிரித்தது அவனுக்குத் தெரியாது. போகும்போதே தூங்கிவிட்டான்.

அந்தச் சனிக்கிழமை திரிசலா அந்த நாற்காலியை ஏற இறங்கப் பார்த்தாள். முகம் அவ்வளவாகச் சரியில்லை. ஏறி உட்கார்ந்தாள். பாலாற்றுப் பாலத்தில் காற்று சிலுசிலுவென்று வந்தது. தூசி ஊர் வந்தது, நிறுத்தச் சொல்லவில்லை. வேப்பமரம் வந்தது, நிறுத்தச் சொல்லவில்லை. குந்துநாதன் மெதுவாகத் திரும்பிப் பார்த்தான். அவள் சாய்மானத்தில் தலையைச் சாய்த்து வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க வீட்டு வேலை செய்த களைப்பு. குந்துநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது. மனைவியின்மேல் அவ்வளவு பிரியம் அவனுக்கு என்றைக்கும் வந்ததில்லை. எழுப்பிவிடப் போகிறோமே என்று பள்ளத்துக்குப் பள்ளம் பயந்து பயந்து ஓட்டினான்.

மாமனார் வீட்டு வாசலில் வண்டி நின்றபோது வெயில் சுவரில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருந்தது. திரிசலா கண்ணை விழித்தாள். வீட்டைப் பார்த்தாள். சூரியனைப் பார்த்தாள்.

"ஐயோ, வந்துட்டோமா" என்றாள்.

"எப்படி என் சீட்டு?" என்றான் குந்துநாதன். அவள் பதில் சொல்லவில்லை. மகிழ்ச்சி அதிகமானால் பேச்சு வராது என்று அவன் கேள்விப்பட்டிருக்கிறான்.

உள்ளே பெரிய பரபரப்பு. மாமனார் வாங்க வாங்க என்று கையைப் பிடித்துக்கொண்டார். மாமியாரும் திரிசலாவும் ஒருவரையொருவர் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்கள், பிராமி அடுப்படிக்கு ஓடினாள். மாப்பிள்ளைக்கென்று வடைக்கு அரைத்து, பாயசத்துக்குத் தேங்காய் துருவி, இலைபோடுவதற்குள் வெயில் சுவரின் உச்சிக்கு ஏறியிருந்தது. குந்துநாதன் உட்கார்ந்தான். முதல் வடையைக் கடித்ததும் கண்ணை மூடிக்கொண்டான். இழந்த சாப்பாடுகள் எல்லாம் வரிசையாக வந்து மன்னிப்புக் கேட்டதுபோல் இருந்தது.

அவசரப்படவில்லை. இத்தனை நாள் காத்திருந்த மாமியாரை அவசரப்பட்டு அவமதிக்கலாமா? சீட்டின் கதையை மாமனாருக்கு ஆதியோடந்தமாகச் சொன்னான். ஜமக்காளத்துக்கு இரண்டு வடை, இலவம்பஞ்சுக்கு மோர்க்குழம்புச் சோறு, மாட்டைத் துரத்தியதற்குப் பாயசம். மாட்டைத் துரத்தி விழுந்த இடத்தில் தன்னையே கேலி செய்துகொண்டு மாமனாரை விழுந்து விழுந்து சிரிக்க வைத்தான். அடுப்படி வாசலில் மாமியார், திரிசலா, பிராமி மூவரும் நின்று, கதை முடியும்வரை அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பார்வை அவன் தலைக்குமேல் மேற்கு ஜன்னலில் இருந்ததை அவன் கவனிக்கவில்லை. தன் கதை பெண்களைக் கட்டிப்போட்டுவிட்டது என்று எண்ணி, மாட்டுக்கதையை முதலிலிருந்து இன்னொரு தடவை சொன்னான்.

கடைசி வாய் பாயசத்தை வழித்து, ஏப்பம் விட்டு, அவன் கைகழுவக் கொல்லைக்கு வந்தபோது வானத்தில் வெளிச்சம் இல்லை. உள்ளே பிராமி விளக்கேற்றிக்கொண்டிருந்தாள். மாமியார் அடுப்பில் தண்ணீர் தெளித்து அணைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் காந்தா, பாலுக்கு உறைமோர் வாங்க வந்தவள், இருட்டில் அவன் நிற்பதைப் பார்க்காமல் வேலிக்கு அந்தப்பக்கமிருந்தே குரல் கொடுத்தாள்.

"இன்னா குணமாலா, மாப்ளே பொழுதோட வந்துட்டாரா? அப்போ பஸ்ஸுல வந்துக்கினு இருந்தாரே அப்ப மாதிரியே, அவுரு எலய வுட்டு எழுந்திருக்கறதுக்குள்ள பொழுது பூடுச்சா, பொம்பளைங்க நீங்க மூணு பேரும் ராப்பட்டினிதானா?"