வெர்னாவுக்குப் பக்கத்தில் ஆறடி நிலம்

"புருஷன் சொந்தம்தான். ஆனா ரத்தம் இல்லையே, ஆரின்" என்றார் இமோஜின் ராய்ஸ்டர். முதற்குடிகள் கல்லறைச் சங்கத்துக்கு அந்தம்மாதான் செயலாளர். ஊரில் முதன்முதலில் குடியேறியவர்களின் வம்சத்துக்குத்தான் அங்கே இடம்.

"நாப்பத்தொரு வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேம்மா! வெர்னா பக்கத்துல வேற யாரு படுக்கிறது?"

"ராஸ்கோ கேட்டிருக்கான். அவளுக்குச் சித்தப்பா பையன். வெள்ளிக்கிழமை முடிவு பண்றோம்."

ஆரின் ஃபுல்ச்சருக்கு அவனைத் தெரியாதா! ராஸ்கோ குறட்டை விட்டால் மாதாகோயில் ஜன்னல் அதிரும். உயிரோடிருந்தபோது, அவன் வருகிறான் என்றாலே வெர்னா பின்வாசல் வழியாக நழுவிவிடுவாள். போயும் போயும் அவன் பக்கத்திலா காலமெல்லாம் கிடப்பாள்?

"எங்க மூதாதை மைகாஜா ஃபுல்ச்சரும் முதற்குடிதான். எங்கப்பா சொல்லுவார்."

"அப்பா சொன்னா ஆச்சா? 1771-ம் வருஷத்து ஊர்ப்படைப் பட்டியல்ல பேர் இருக்கணும். காட்டுங்க, குழி உங்களுக்கு."

ஆரின் அன்றே கிளம்பினார். போகிற வழியில், ஜூரியாக வரச் சொல்லி ஹேல் கவுண்டி என்ற மாவட்டம் அனுப்பியிருந்த கடிதத்துக்கு, 'என் வீடு பெல்டன் கவுண்டியில் இருக்கிறது' என்று பதில் எழுதித் தபாலில் போட்டார். மூன்று நாள் கோர்ட்டில் உட்கார்ந்து கொட்டாவி விட எவனுக்கு நேரம்!

ஹேல் கவுண்டி ஆவணக் கிளார்க் டுவைட் பட்டியலை மேலும் கீழும் பார்த்தான்.

"மைகாஜா இல்லையே சார். உங்க பண்ணை அப்ப பெல்டன்ல இருந்திருக்கும். 1779-ல எல்லைக்கோட்டை நகர்த்தினாங்க."

"எங்க ஆளுங்க ஒரு அடி நகரலையேப்பா!"

"நீங்க நகரல சார். கவுண்டி நகர்ந்துச்சு."

பெல்டனில் கிளார்க் வில்மா வேறு வரைபடத்தை விரித்தாள். "பேர் இல்லைங்க. 1771-ல இந்த எல்லைக்கோட்டை அளக்க வந்த ஆளு சதுப்புல இறங்கி, காய்ச்சல் வந்து பாதியில ஓடிட்டாரு. கோடு எங்க இருந்துச்சுன்னு அவருக்கே தெரியாது. ஹேல்லயே கேளுங்க."

செவ்வாய் ஹேல், புதன் பெல்டன், வியாழன் மறுபடியும் ஹேல். பிக்கப் வண்டி இருமியது, ஆரினும் இருமினார். 1792-ல் கோடு இன்னொரு தரம் நகர்ந்து அவர் வீட்டு நடுவிலேயே வந்து உட்கார்ந்துவிட்டது. அடுப்பு ஹேலில், கட்டில் பெல்டனில். நிலப் பத்திரத்தைத் தேடி எடுத்துப்போனார். அது இன்னும் மோசம். அதில் இரண்டு கவுண்டி முத்திரையும் இருந்தது.

போனில் இமோஜின் பொரிந்தார். "ரெண்டு கவுண்டியிலயும் இல்லாத மனுஷன் பொறந்தானான்னே எனக்குச் சந்தேகமா இருக்கு!"

அன்று சாயங்காலம் ஆரின் கல்லறைக்குப் போனார். "என்னால முடியலடி வெர்னா. ராஸ்கோ வந்தா மூஞ்சியைத் திருப்பிக்கோ" என்று சொல்லி, வாய்விட்டு அழுதார்.

வெள்ளிக்கிழமை காலையில் வில்மா கூப்பிட்டாள். பெல்டன் ஊர்ப்படைத் தலைவர் 1771-ல் எழுதின கைப்புத்தகம் கிடைத்துவிட்டதாம். நகலை நம்பாத இமோஜினும் ஆரினோடு பெல்டன் ஆபீசுக்கே வந்து சேர்ந்தார்.

வில்மா படித்தாள். "'மைகாஜா ஃபுல்ச்சரைப் பயிற்சிக்கு அழைத்தேன். தன் வீடு ஹேலில் இருப்பதாகச் சொல்கிறான்.' டுவைட்டும் ஒண்ணு தேடிப் பிடிச்சு அனுப்பியிருக்கான். அது ஹேல் தலைவர் எழுதினது. 'தன் வீடு பெல்டனில் இருப்பதாகச் சொல்கிறான்.'"

"பாத்தீங்களா! மனுஷன் இருந்திருக்காரு!" ஆரின் துள்ளினார்.

"இருந்திருக்கான், படைக்கு டிமிக்கி குடுத்துட்டு. போகட்டும், முதற்குடின்னு ஒத்துக்கறேன்" என்றார் இமோஜின். "ஆனா நீங்க அவன் வம்சம்தான்னு என்ன அத்தாட்சி? உயில் எங்க? ஞானஸ்நானப் பதிவு எங்க?"

"அதெல்லாம் கோர்ட்டு எரிஞ்சப்பவே சாம்பலாயிடுச்சும்மா" என்றாள் வில்மா.

ஆரின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். "முடிஞ்சுது. குழியை ராஸ்கோவுக்கே குடுத்துடுங்க."

இமோஜின் பேனாவை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்மா." வில்மா மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்து, கைப்புத்தகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். "இவரை நாங்களும் ஜூரிக்குக் கூப்பிட்டிருந்தோம். 'என் வீடு ஹேலில் இருக்கிறது'ன்னு எங்களுக்கு எழுதியிருக்காரு. 'பெல்டனில் இருக்கிறது'ன்னு ஹேலுக்கு எழுதியிருக்கறதா டுவைட் சொன்னான். இருநூத்தம்பது வருஷமா ஒரே பொய்யை மாத்தாம சொல்ற வம்சம் வேற எங்கம்மா இருக்கு? இவரு அவரு பேரனேதான், தாராளமா புதைங்க."