கோலாவின் இடது காது

"காது போச்சு மெர்வ்!" என்று நோலீன் அலறியபோது அவள் கணவர் மெர்வ் மேசைக்கடியில் இருந்தார். அவள் தைக்கும் குவில்ட் போர்வையின் கனம் ஊசியை இழுத்துவிடாமல் தொங்கும் பாதியைத் தாங்கிப் பிடிப்பதுதான் அவர் வேலை.

"யார் காது?"

"கோலா காது! ஓரமா போயிட்டிருந்த ஊசி கன்னத்துல ஏறிடுச்சு."

மேலே கோலாக் கரடிப் படம் அச்சிட்ட துணி, நடுவில் பஞ்சு, அடியில் வெள்ளைத் துணி. மூன்றையும் சேர்த்துப் படத்தின் ஓரம் பிசகாமல் மெஷினில் தைக்க வேண்டும். பன்னிரண்டு மணிக்குள் ஊர்க் கண்காட்சியில் கொடுத்தாக வேண்டும். பதினோரு வருஷமாக நோலீனுக்கு ஒரு மூன்றாம் பரிசு ரிப்பன்கூடக் கிடைத்ததில்லை. நடுவர் கிளெனிஸ் போன வருஷம் அவள் குவில்ட்டைப் பார்த்து, "நாய்க்கு விரிக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனவள்.

"பிரிச்சிடேன்."

"ஓட்டை தெரியும். அவ பூதக்கண்ணாடி வச்சில்ல பாப்பா!"

எனவே, வேண்டுமென்றே செய்ததுபோல் இருக்கட்டும் என்று கோலாவின் தலையைச் சுற்றி அலையலையாக ஆறு வரிசை ஓட்டினாள். தலை கனத்துவிட்டது. ஈடுகட்டக் கண்களைச் சுற்றி இரண்டு வட்டம். வட்டங்கள் அநாதையாக நின்றன. நடுவில் ஒரு நீள இலை. மேலே சாம்பல் நூல் சாம்பல் ரோமத்தில் மறைந்து, எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது.

மேசைக்கடியில் தாங்கியிருந்த பாதி தொய்ந்து விழுந்தது.

"மெர்வ்? தூங்கிட்டியா?"

"நோலீன்... கிளெனிஸ் எதுக்கு இங்க இருக்கா?"

திருப்பிப் பார்த்தாள். வெள்ளைத் துணியில் படம் கிடையாது, தையல் மட்டும்தான். சுருட்டை முடி. வட்டக் கண்ணாடி. நீள மூக்கு. ஊசி தடம் புரண்ட இடத்தில் கன்னச் சுருக்கம். கிளெனிஸ்!

"ஐயோ, அவ பின்பக்கத்தத்தானே முதல்ல திருப்பிப் பாப்பா!"

"பதறாத கண்ணு. ஒரு மீசை வச்சிடு. யாரோ ஆம்பளன்னு நெனச்சுப்பா."

வைத்தாள். மெர்வ் தள்ளி நின்று பார்த்தார்.

"இப்பத்தான் அச்சு அசல் கிளெனிஸ்."

மணி பதினொன்றரை. பெயர்த் துணி ஒன்று பின்பக்கம் தைத்தே ஆகவேண்டும் என்பது விதி. "அத மூஞ்சி மேலயே தச்சு மூடிடு" என்றார் மெர்வ். அது உள்ளங்கை அளவுகூட இல்லை. பதற்றத்தில் அதுவும் நழுவி, முகவாய்க்குக் கீழே போய் உட்கார்ந்துகொண்டது: நோலீன் டக்கெட்.

கண்காட்சிக் கொட்டகையில் கிளெனிஸ் குவில்ட்டைத் திருப்பினாள். லாமிங்டன் கேக் தின்றுகொண்டிருந்தவர்களின் வாய்கள் நின்றன. எல்லாக் கண்களும் துணிக்கும் கிளெனிஸுக்குமாக அலைந்தன.

"வீட்ட வித்துட்டு வேற ஊருக்குப் போயிடலாம் மெர்வ்."

"கார் சாவி கையிலதான் இருக்கு."

கிளெனிஸ் தன் வட்டக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். பிறகு முதல் பரிசின் நீல ரிப்பனை எடுத்து அந்த மீசைக்குப் பக்கத்திலேயே குத்தினாள். நோலீனைக் கட்டிக்கொண்டாள்.

"இருபது வருஷமா நடுவரா இருக்கேன் நோலீன். தன்னோட சொந்த மூஞ்சிய, மீசையக்கூட மறைக்காம, இப்படி உள்ளது உள்ளபடி தச்சுக் கீழ பேரும் போட்டுக் கொண்டாந்த தைரியசாலிய இன்னிக்குத்தான் பாக்கறேன்."