கேப்டன் மங்கூஸ் எத்தனை மாற்று?

கேப்டன் மங்கூஸின் தங்கக் கவசத்தை உரைகல்லில் ஒரே இழுப்பு இழுத்தார் பரமசிவன். கல்லில் கோடு விழவில்லை. கவசத்தில்தான் விழுந்தது.

"சத்யபாமா, அந்தக் கண்ணாடிய எடு," என்றார் அடுக்களைப் பக்கம் பார்த்து.

மூக்குக் கண்ணாடியோடு வந்த மனைவி மேசையைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள். ஒரு சாண் உயரப் பொம்மை. தலையில் கீரிக் காது வைத்த தொப்பி, முதுகில் சிவப்பு மேலங்கி, மார்பில் வெள்ளையாக ஒரு கீறல்.

"டப்பாவத் திறக்கண்டான்னு அந்தப் பையன் படிச்சுப் படிச்சுச் சொன்னான். எதுக்கு அறுத்திய?"

"டப்பாவோட வச்சு எவனாவது மதிப்பு போடுவானா? முப்பது வருஷமா நெய்யாற்றின்கரையில நகை மதிப்பு போடுறவனாக்கும் நான்."

அந்தப் பையன் உண்ணி. பாறசாலைக்காரன். ஹாஸ்டலில் தங்கியிருக்கும் இவர் மகள் ஆதிராவுக்கு நிச்சயித்த மாப்பிள்ளை. வீட்டில் அண்ணன் பிள்ளைகள் பிய்த்துப் போடும் என்று பொம்மையை இங்கே கொண்டு வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை பொழியூரிலிருந்து பத்ரோஸ் என்று ஒருவர் வந்து மதிப்பிடுவாராம். அமெரிக்காவிலேயே பாதிப் பேருக்குத் தெரியாத காமிக்ஸ் நாயகன், பன்னிரண்டு புத்தகத்தோடு கதையையே நிறுத்திவிட்டார்கள், அதனால்தான் மவுசு என்றான் உண்ணி. யாரும் படிக்காத கதைக்கு என்ன மவுசு என்று பரமசிவனுக்குப் பிடிபடவில்லை. அவருக்கு உறுத்தியது வேறு. இருபத்தொன்பது வயது ஆண்பிள்ளை பொம்மை வைத்துக்கொண்டு அலைகிறானே! பொம்மையை உரைத்தால் ஆள் எத்தனை மாற்று என்று தெரிந்துவிடும் என்று நினைத்தார். தன் கைக்குப் பிடிபடாத மாற்று உலகத்தில் கிடையாது என்பது அவருடைய எண்ணம்.

"அவன் வந்து இதக் கண்டா கல்யாணம் நிக்கும், கேட்டியளா. பதினெட்டு நாள்தான் உண்டு. ஊரு முழுக்கக் கடுதாசி குடுத்தாச்சு."

"ஒரு கீறலுக்கா நிக்கும்? கழுவினா போவும். பூந்திக்கொட்டை இருக்கா?"

நகை கழுவுகிற பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கேப்டன் அரைமணி நேரம் ஊறினார். பிறகு பிரஷ்ஷால் நாலு தேய். கீறல் போயே போய்விட்டது. அதைச் சுற்றி இருந்த தங்க நிறமும் கூடவே போய்விட்டது.

"இப்ப கீறல் இல்ல, பாத்தியா?"

"பொன்னும் இல்லியே."

"அது வெறும் பூச்சாக்கும். பூச்சுக்கு நம்ம ராஜையா இருக்கான்."

ராஜையா கோயில் சிலைகளுக்கு வர்ணம் பூசுகிறவர். கை சுத்தமான ஆள். சனிக்கிழமை காலையில் பொம்மையைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்து, பிள்ளையை இறக்குகிற மாதிரி மேசையில் இறக்கினார். கவசம் ஜொலித்தது. பரமசிவன் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகுதான் கேப்டனின் முகத்தைப் பார்த்தார்.

"ராஜையா, இது என்னது?"

"மீசை."

"மீசை யாருலே கேட்டா?"

"வீரனாக்கும்னு சொன்னிய. மீசையில்லாத வீரன நான் இதுவரைக்கும் பூசினதில்ல அண்ணாச்சி. அதுக்குக் காசு வேண்டாம். எனக்க வழிபாடா இருக்கட்டு."

ராஜையா போன பிறகு பரமசிவன் தின்னர் புட்டியைத் தேடி எடுத்தார். பஞ்சில் தொட்டு, கம்மலுக்குத் திருகாணி போடுகிற பதனத்தோடு துடைத்தார். மீசை போயிற்று. அதன் பின்னாலேயே உதடும் ஒரு கண்ணும் கிளம்பின. பிளாஸ்டிக் இளகி மூக்கு காதுப் பக்கம் நகர்ந்தது. நிறுத்துவதற்குள் கேப்டனுக்கு முகம் என்று சொல்ல ஒன்றும் இல்லை.

சத்யபாமா அழவே தொடங்கிவிட்டாள். "இனி என்ன செய்யப் போறிய?"

"ஒண்ணும் செய்யப் போறதில்ல. பழசு இப்பிடித்தான் இருக்கும்னு சொல்லுவேன். தொழில்காரன் பேச்சு தொழில்காரனுக்கு மனசிலாவும்."

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு உண்ணி வந்தான். கூடவே பத்ரோஸ். வள்ளமும் வலையும் உள்ள குடும்பத்தில் பிறந்து, கடலை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டுப் பொம்மை பக்கம் வந்தவர். தோளில் கறுப்புப் பை, கைகளில் வெள்ளைக் கையுறை. டப்பாவைத் திறந்து, கேப்டனை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"சாரே, இதுக்கு என்ன ஆயிப்போச்சு?"

"பழசில்லியா? வெயிலு கொண்டிருக்கும்," என்றார் பரமசிவன் நிமிர்ந்து.

"வெயிலு மூக்கத் தூக்கிக் காதில கொண்டு வைக்குமா?"

பரமசிவன் தலையைத் திருப்பினார். உண்ணியைப் பார்த்தார். அவன் முகத்தில் ரத்தமே இல்லை. முப்பது வருடமாக யாரிடமும் தணியாத குரல் அவருக்கு அப்போது உடைந்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மக்கா, எல்லாம் நான்தான். உரைச்சேன், கழுவினேன், அழிச்சேன். புத்தியில்லாம செஞ்சுபோட்டேன். எம்மேல உள்ள கோவத்தில எனக்க பிள்ளைய வேண்டாம்னு மாத்திரம் சொல்லிராத."



"நான் வேண்டாம்னு சொல்லமாட்டேன் மாமா," என்றான் உண்ணி. அவன் குரல் அவருடையதைவிட மோசமாக நடுங்கியது. "ஆதிரா உச்சைச் சாப்பாட்டுக்கு ஹாஸ்டல்லயிருந்து வருவா. அவ என்ன சொல்லப் போறாளோன்னுதான் எனக்குப் பயம்."

"அவ சொல்லதுக்கு என்ன இருக்கு? பொம்மை உனக்குள்ளதுதானே?"

உண்ணி பத்ரோஸைப் பார்த்தான். பத்ரோஸ் கையுறைகளைக் கழற்றிப் பைக்குள் போட்டார்.

"ஏழு வருஷமா ஆதிராவுக்குப் பொம்மை மதிப்பு போடுறவன் நானாக்கும் சாரே. பெண்ணு பாக்க வந்த அன்னைக்கு ரெண்டு பேரையும் அஞ்சு நிமிஷம் தனியா பேச விட்டிய இல்லியா, அதில அவ இவன்கிட்ட கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: பொம்மையெல்லாம் எனக்குள்ளது, அப்பாகிட்ட மட்டும் உனக்குள்ளதுன்னு சொல்லுவியா?"