ஜாமீன் போட்ட கூழைக்கடாவும் தொப்பி போட்ட நீர்க்காகமும்

ஒரு காட்டில் ஏரி இருந்தது, மரம் இருந்தது, போதாக்குறைக்கு ஒரு வங்கியும் இருந்தது. வங்கியை நடத்தியது ஒரு பெருச்சாளி. கொடுக்கல் வாங்கல் எல்லாம் கெண்டை மீன் கணக்கில்தான்.

ஏரிக்கரை மரத்தில் தணிகாசலம் என்ற கூழைக்கடா குடியிருந்தார். அவர் மனைவி மரகதம் ஒரு நீர்க்காகம். இனம் விட்டு இனம் எப்படி என்று கேட்காதீர்கள், காதல் கல்யாணம். ஏரி அதைப் பற்றிப் பேச வேண்டியதையெல்லாம் அப்போதே பேசித் தீர்த்துவிட்டது. மூன்று குஞ்சுகள், ஒன்றுக்கும் இன்னும் இறகு முளைக்கவில்லை.

தணிகாசலத்துக்குப் பறக்கத் தெரியும். ஆனால் பறக்கத் தெரியும் என்பதற்குச் சான்றிதழ் கிடையாது. விமானி வேலைக்குச் சான்றிதழ் கட்டாயம் என்றார்கள். வங்கியில் நூறு கெண்டை கடன் வாங்கிப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஒரு கோழி அவருக்கு ஆறு மாதம் பறக்கச் சொல்லிக்கொடுத்தது.

இந்தச் சமயத்தில்தான் குஞ்சுகளுக்குப் பெயர் சூட்டும் விருந்து வந்தது. மரகதத்தின் தம்பி குபேந்திரனும் வந்தான். தாய்மாமன் சீர் கொண்டு வருவதுதானே முறை? அவன் கொண்டு வந்தது கடன் பத்திரம்.

“மாமா, படகு விடலாம்னு இருக்கேன். வங்கியில ஜாமீன் கேக்குறாங்க. சும்மா ஒரு கையெழுத்துதான்.”

தணிகாசலம் வலது காலில் மீனைப் பிடித்திருந்தார். “சாப்பிட்டுட்டு இருக்கேன்ல மாப்ளே.”

“இடது கால் சும்மாதானே மாமா இருக்கு?”

மரகதம் சட்டியோடு நின்று ஒரு பார்வை பார்த்தாள். பந்தியில் உட்கார்ந்துகொண்டு மனைவியின் தம்பிக்கு இல்லை என்று சொல்லும் பிராணி அந்தக் காட்டில் இன்னும் பிறக்கவில்லை. சிங்கராஜாவே மூன்று மச்சினன்களுக்கு ஜாமீன் போட்டிருந்தார். தணிகாசலம் இடது காலை மையில் தோய்த்துப் பத்திரத்தில் வைத்தார்.

குபேந்திரன் முதல் தவணைக்கே கையை விரித்துவிட்டான். தேதி தாண்டும் முன்பே பெருச்சாளி நேரே தணிகாசலத்தின் மரத்தடிக்கு வந்து வேரைப் பிறாண்டியது.

“மொதல்ல மச்சினர் கடனைக் கட்டுங்க சார். இல்லேன்னா மரம் சாயும்.”

மேலே குஞ்சுகள் கத்தின. பாவம், மனுஷன் பயந்துபோய் மாதாமாதம் தேதி தவறாமல் மச்சினன் கடனைக் கட்டினார். தன் கடனைக் கட்ட மீன் மிஞ்சவில்லை. அதற்குத் தனியாக நோட்டீஸ் வந்தது: வெள்ளிக்கிழமைக்குள் கட்டாவிட்டால் கூடு ஏலம்.

திங்கட்கிழமை விமானி வேலைக்கு ஆள் எடுத்தார்கள். விமானம் என்றால் ஒரு மூங்கில் கூடை, அதில் ஒரு கயிறு. கயிற்றைக் கவ்விக்கொண்டு பறப்பவர்தான் விமானி. அன்றைக்குப் பார்த்து நல்ல சூறைக்காற்று. தணிகாசலம் மூன்று முயல்களைத் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றி வந்து இறங்கினார். கூடையில் தூங்கிப்போன ஒரு முயல் இறங்கிய பிறகும் எழுந்திருக்கவில்லை.

தேர்வு அதிகாரியான தேவாங்கு அம்மாள் அவருடைய விண்ணப்பத்தை உற்றுப் பார்த்தார்.

“பறக்கிறதுல நூத்துக்கு நூறு. கடன் மதிப்பெண்தான் தொள்ளாயிரத்துக்குப் பன்னெண்டு.”

“மேடம், கடனுக்கும் றெக்கைக்கும் என்ன சம்பந்தம்?”

“கடன்ல இருக்கிறவர்கிட்ட முயலைக் குடுத்து அனுப்பினா, போய்ச் சேர்றப்ப முயல் இருக்குமா?”

“நான் மீனைத் தவிர எதையும் தொடமாட்டேன் மேடம். வேலை குடுங்க, கடனைக் கட்டிடுறேன்.”

“கடனைக் கட்டிட்டு வாங்க, வேலை குடுக்கிறேன்.”

அவ்வளவு பெரிய கண்களை வைத்துக்கொண்டு அந்த அம்மாளுக்கு இதில் ஒரு சிக்கலும் தெரியவில்லை. சொல்லும்போதே எனக்கு வயிறு எரிகிறது.

வேலை யாருக்குக் கிடைத்தது தெரியுமா? குபேந்திரனுக்கு. அதே கோழியிடம் சான்றிதழ் வாங்கிக்கொண்டு அதே தேர்வுக்கு வந்து, காலிக் கூடையையே ஏரியில் போட்டவன் அவன். ஆனால் கடன் மதிப்பெண் தொள்ளாயிரத்துக்குத் தொள்ளாயிரம், ஒரு தவணைகூடத் தவறியதில்லை. தவணையைக் கட்டியது யார் என்று வங்கி எழுதி வைப்பதில்லை, யார் பேரில் கட்டினார்கள் என்றுதான் எழுதும்.

பழைய கதையாக இருந்தால் இந்த இடத்தில் சிங்கராஜா வந்து நியாயம் சொல்லியிருப்பார். அவரோ பெருச்சாளிக்குப் பயந்து குகையை விட்டு வெளியே வருவதில்லை.

குபேந்திரன் தொப்பியோடு வந்தான். “மாமா, வேலை கெடைச்சிருச்சு! கூடைதான் ரொம்பக் கனம். நீங்க தூக்கிட்டுப் பறங்க, நான் உங்க முதுகுல உக்காந்துக்கிறேன். சம்பளத்துல கால் பங்கு உங்களுக்கு.”

“கால் பங்கா?”

“கூடு ஏலம் வெள்ளிக்கெழமைதானே மாமா?”

மறுநாள் விமானம் கிளம்பியது. முதுகில் இருந்தபடி குபேந்திரன் பயணிகளுக்கு வணக்கம் சொன்னான். இறங்கியதும் எல்லோரும் தொப்பியைப் பார்த்துக் கைதட்டினார்கள். வியாழக்கிழமை முன்பணமாகக் கால் பங்கு வந்தது, நிலுவை கட்டியாயிற்று, கூடு பிழைத்தது. மரகதம் தம்பிக்குத் திருஷ்டி சுற்றிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை நடுவானில், மலைக்கு நேர் மேலே, குபேந்திரன் குனிந்து மாமாவின் காதருகே பேசினான்.

“மாமா, சொந்தமா ஒரு விமானக் கம்பெனி தொடங்கலாம்னு இருக்கேன். வங்கியில ஜாமீன் கேக்குறாங்க.”

வாயில் கயிறு. தணிகாசலத்தால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

“இப்ப ரெண்டு காலும் சும்மாதானே மாமா இருக்கு?”

நீதி: கடனை வாங்கியவன் தொப்பி போடுவான், கடனைக் கட்டியவன் அவனையும் சேர்த்துச் சுமப்பான். ஆகவே பந்தியில் உட்கார்ந்தால் இரண்டு காலாலும் சாப்பிடுக.