குழிக்கு ஆட்சேபனை இல்லை

ஒரு ஊருல ஒரு ரோடு இருந்துச்சாம், அந்த ரோட்டுல பதினெட்டுக் குழி இருந்துச்சாம். ஊர், திருநகருக்குத் தெற்கே. தமிழ்ச்செல்வியைப் பெண் பார்க்க வந்த மூன்று கார்களும் ஏழாவது குழியைப் பார்த்ததும் திரும்பிவிட்டன. அவள் அப்பா காசிமாயன் குழிக்கொரு கம்பு நட்டு, சிவப்புத் துணி கட்டி, போட்டோ எடுத்து மனுவோடு கொடுத்தார்.

மனு உரிய முறையில் பரிசீலிக்கப்பட்டு, உரிய முறையில் வேறு துறைக்குப் போய்ச் சேர்ந்தது. பொழுதுபோக்கு மேம்பாட்டு அலுவலர் கிளமெண்ட், தானே ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்தார்.

“அற்புதம்! கோல்ஃப் மைதானம்னா பதினெட்டுக் குழி, குழிக்கொரு கொடி. பந்தை அடிக்கிற மேட்டுலருந்து கொடி வரைக்கும் நீளமா பாதை, ரெண்டு பக்கமும் வெட்டாத புல்லு. நடுவுல பந்து மாட்டிக்க மணலும் குளமும். எல்லாம் இருக்கே!”

“அது குளம் இல்லைங்கய்யா, குழாய் ஒடஞ்ச தண்ணி. மணல் கான்ட்ராக்டர் கொட்டிட்டுப் போனது.”

“‘இயற்கையாகவே அமைந்துள்ளது’ன்னு எழுதிக்கிறேன்.”

“குழி எருமை படுக்குற அம்புட்டு இருக்கேய்யா?”

“விதிப்படி நாலேகால் அங்குலம்தான். புதுசா ஆடுறவங்களுக்காகத் தளர்வு கொடுத்துருவோம்.”

“ஐயா, குழிய மூடுனாத்தான் எம்மகளுக்கு மாப்ள வருவான்.”

“மூடுனா மைதானம் போயிரும். ஆடுறவங்களோட மட்டைப் பை தூக்க முப்பது பேரை எடுக்கப் போறோம், அதுவும் போயிரும்.”

வேடிக்கை பார்த்த ஊர்க்கூட்டம் ஜீப்பை நெருங்கி வந்தது.

“கவர்மென்டு வேலையா சார்?” என்றான் விருமாண்டி. காசிமாயனிடம் இரண்டு தடவை பெண் கேட்டு விரட்டப்பட்டவன்.

“தற்காலிகம்தான். ஆனா கழுத்துல அட்டை தொங்கும்.”

‘குழிகளை மூடவோ தொடவோ மாட்டோம்’ என்ற தாளில் ஊரே கையெழுத்துப் போட்டது. ஒச்சாயி தன் வாசல் குழியில் கொட்டியிருந்த ஜல்லியை அள்ளி எறிந்துவிட்டு வந்து கைநாட்டு வைத்தாள். காசிமாயன் மட்டும் பேனாவைத் தொடவில்லை.

“மாமா, அட்டை வந்துட்டா நானே கட்டிக்கிறேன். அடுத்த தெரு, நடந்தே வந்துருவேன். ரோடு எதுக்கு?” என்றான் விருமாண்டி.

காசிமாயன் அவனை மேலும் கீழும் பார்த்தார். “மாப்ள, உக்காருங்க,” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

“அட்டை எனக்குக் கெடச்சு, இவருக்குக் கெடைக்கலைன்னா?” என்றாள் தமிழ்ச்செல்வி.

அதற்கு விதிகளில் இடமில்லை.

விண்ணப்பத்தை ஜெராக்ஸ் எடுக்க ஊரே திருநகருக்குக் கிளம்பியது. அலுவலரின் ஜீப், ஒன்பதாவது குழியில் அச்சு வரைக்கும் இறங்கி நின்றது.

“கொஞ்சம் தள்ளுங்கப்பா! ரெண்டு கல்லாவது போடுங்க!”

“அய்யய்யோ, தொடமாட்டோம்னு எழுதிக் கொடுத்திருக்கோம் சார். அட்டை போயிரும்,” என்று விருமாண்டி நடையைக் கட்டினான்.

கிளமெண்ட் சார் ஷூவைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, மெயின் ரோட்டைப் பார்த்து நடந்தார்.