பேசாத பிடிஎஃப் நாற்பத்திரண்டு

ஒரு விஷயத்தைக் கால்வாசி மட்டும் தெரிந்துவைத்திருப்பவனைப் போல ஆபத்தானவன் வேறு யாரும் இல்லை. ஒன்றுமே தெரியாதவன் நாலு பேரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வான். முழுதாகத் தெரிந்தவன் வாயைத் திறக்காமல் வேலையைப் பார்ப்பான். கால்வாசிக்காரன்தான் ஒருங்கிணைப்பாளர் ஆவான். நான் எங்கள் கல்லூரியின் டிஜிட்டல் கற்பித்தல் ஒருங்கிணைப்பாளராக இருந்தேன்.

பதவி வந்த வழியையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ஆசிரியர் கூட்டத்தில் முதல்வரின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது. அவர் அதை நிறுத்தத் தெரியாமல், வருகைப் பதிவேட்டைத் தூக்கி அதன்மேல் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தார். நான் எழுந்துபோய்ப் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்திச் சத்தத்தை அடக்கினேன். அவ்வளவுதான். மறுநாளே சுற்றறிக்கை வந்துவிட்டது. எங்கள் முதல்வர் எதற்கும் சுற்றறிக்கை விடுவார். மின்விசிறியை அணைக்க ஒன்று, அணைத்த விசிறியை ஏன் அணைத்தீர்கள் என்று கேட்க ஒன்று. என் கைபேசியில் அவர் எண்ணை 'சர்க்குலர் சக்கரவர்த்தி' என்று பதிந்துவைத்திருந்தேன். (அப்போது அது பெரிய நகைச்சுவையாகத் தெரிந்தது.)

எனக்கு அப்போது முப்பத்தாறு வயது. பொருளியல் துறை. மதுரையில் வைகைக்குத் தெற்கே இருந்த அந்தக் கல்லூரியையே தலைகீழாகப் புரட்டப் போகிறவன் என்ற நினைப்பு. "வகுப்பில் கைபேசியைத் தடை செய்வது பழைய காலம், கையில் கொடுத்துப் படிக்க வைப்பதுதான் புதிய காலம்" என்று முழங்கி, எல்லோரையும் கைபேசியோடு வரச் சொன்னேன். பிள்ளைகள் சந்தோஷமாகக் கொண்டுவந்து கிரிக்கெட் பார்த்தார்கள். நான் அதை 'மாணவர் ஈடுபாடு' என்று அறிக்கையில் எழுதினேன். சுவரெல்லாம் கியூஆர் கோடு ஒட்டினேன். குடிதண்ணீர்த் தொட்டியில்கூட ஒன்று. அதை ஸ்கேன் செய்தால் பற்றாக்குறை பற்றிய பாடம் திறக்கும். தொட்டியில் பெரும்பாலும் தண்ணீர் இருக்காது என்பதால் பாடம் நன்றாகவே பதிந்திருக்கும்.

எல்லாவற்றுக்கும் மேல் என் டிஜிட்டல் நோட்ஸ். ஏதோ புதிதாக எழுதினேன் என்று நினைத்துவிடாதீர்கள். நான் எம்.ஏ. படித்தபோது எழுதிய, மஞ்சளடித்துப்போன கையெழுத்துத் தாள்களைச் சாப்பாட்டு மேசையில் பரப்பி, ஒவ்வொன்றாகப் படம் பிடித்து, பிடிஎஃப் ஆக்கி அனுப்பினேன். மொத்தம் நாற்பத்திரண்டு. ஒன்றில் என் கட்டைவிரலும் விழுந்திருந்தது. சாம்பார்க் கறை விழுந்தவை கணக்கில் இல்லை. இதற்குப் பெயர் புரட்சி.

இந்தப் புரட்சியில் முதல் குறை சொன்னவள் கார்த்திகைச்செல்வி. இரண்டாம் ஆண்டு மாணவி. பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அலங்காநல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பேருந்தில் வருவாள். அவள் கைபேசியில் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரல் ஓடிக்கொண்டே இருக்கும். ஒரு காதில் அந்தக் குரல், மறு காதில் நாங்கள். எது உருப்படியாகப் பேசுகிறதோ அதைக் கேட்பாள் என்று நினைக்கிறேன்.

"சார், நீங்க அனுப்புன நோட்ஸு பேச மாட்டேங்குது சார்" என்றாள் ஒருநாள்.

"ஃபோன அப்டேட் பண்ணும்மா."

மறுவாரம் வந்தாள். "அப்டேட் பண்ணிட்டேன் சார். படம்னு சொல்லிட்டுக் கம்முனு இருக்கு."

"அப்ப நெட்வொர்க்கா இருக்கும்."

"நெட்வொர்க் இல்ல சார். நீங்க எழுதுனத போட்டோ எடுத்து அனுப்பிருக்கீங்க. போட்டோவுல இருக்குற எழுத்து அதுக்குத் தெரியாது. டைப் அடிச்சுக் குடுத்தா வாசிக்கும்."

ஒருங்கிணைப்பாளருக்கே தொழில்நுட்பம் சொல்லித் தருகிறாளே என்று எனக்குச் சுருக்கென்றது. "அடுத்த வாரம் பாப்போம்" என்றேன். அடுத்த வாரங்கள் ஒன்பது போயின. முதல் உள்தேர்வில் மற்ற தாள்களில் இருபதுக்கு மேல் வாங்கியவள், என் தாளில் இருபத்தைந்துக்குப் பதினொன்று வாங்கினாள். அவள் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதிய விடைத்தாள். எல்லா விடையும் நன்றாகத் தொடங்கி, பாதியில் நின்றுபோயிருந்தது. நான் சிவப்பு மையில், 'பாதியில் நிறுத்தியிருக்கிறாய். முயற்சி போதாது' என்று எழுதினேன். எழுதியதோடு விடாமல் அடியில் கோடு வேறு போட்டேன்.

அந்தச் சமயத்தில்தான் கல்லூரியைத் தரமதிப்பீடு செய்ய ஒரு குழு வருவதாகத் தகவல் வந்தது. நிரப்ப வேண்டிய படிவத்தில், மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு என்ன வசதி என்று ஒரு கேள்வி இருந்தது. எல்லோரும் சாய்தளத்தை எழுதலாமா என்று யோசித்தார்கள். (அந்தச் சாய்தளத்தின் உச்சியில் ஒரு படி இருந்தது.) நான் பேனாவைப் பிடுங்கி, 'எல்லோரும் அணுகக்கூடிய முழுமையான டிஜிட்டல் பாடக்குறிப்புகள்' என்று எழுதினேன். முதல்வர் அதைப் படித்துவிட்டு, "அப்ப அதையே கமிட்டி முன்னாடி செஞ்சு காட்டிருங்க" என்றார்.

கார்த்திகைச்செல்வியைக் கூப்பிட்டேன்.

"கமிட்டி வருதும்மா. நீ ஃபோன வச்சு ரெண்டு நிமிஷம் பேசணும்."

"என்ன பேசணும் சார்?"

"நம்ம நோட்ஸப் பத்தி நல்லதா நாலு வார்த்தை."

"ஃபோன் என்ன சொல்லுதோ அதச் சொல்றேன் சார்" என்றாள்.

அது சொல்வது 'படம்' என்ற ஒரே ஒரு சொல்தான். நியாயமாக அன்று ராத்திரியே உட்கார்ந்து ஒரு பாடத்தையாவது தட்டச்சு செய்திருக்க வேண்டும். நான் வேறொரு முடிவெடுத்தேன். அவளை முன்வரிசையில் உட்கார வைத்துவிட்டு, என் கைபேசியில் நானே செய்துகாட்டுவது! அந்த வாசிக்கும் குரலை எப்படி இயக்குவது என்று ஒரு வீடியோவில் பார்த்துக்கொண்டேன். வீடியோ ஆறு நிமிடம். மூன்றாவது நிமிடத்தில் குரலை இயக்கிவிட்டார்கள். போதும் என்று மூடிவிட்டேன். அணைப்பது எப்படி என்பது அடுத்த மூன்று நிமிடத்தில் இருந்திருக்கும்.

குழு வந்தது. தலைவர் வயதானவர், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் அரங்குக்கு வந்து உட்கார்ந்ததுமே கண்ணை மூடிக்கொண்டார். கூட வந்த பேராசிரியை ஒருவர் மட்டும் பேனாவும் நோட்டுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதல்வர் முதல் வரிசையில். கார்த்திகைச்செல்வியும் அவள் தோழி நாகஜோதியும் பக்கத்தில். கடைசி வரிசையில் தமிழ்த்துறைப் பாலா. என் கைபேசித் திரையை ஒரு கம்பி வழியாகப் பெரிய திரையில் தெரிய வைத்தேன். சத்தத்தைக் கம்பியில்லாமல் அரங்கின் ஒலிபெருக்கிகளோடு இணைத்தேன். வாசிக்கும் குரலை இயக்கினேன்.

ஒரு பெண் குரல் கணீரென்று தமிழில் பேசத் தொடங்கியது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நோட்ஸைத் திறக்கத் தொட்டேன். திறக்கவில்லை. "பேட்டரி எழுபத்திரண்டு சதவீதம்" என்றது. மறுபடி தொட்டேன். "மணி இரண்டு இருபது." அந்தக் குரல் ஓடும்போது ஒரு தடவை தொட்டால் பெயரை மட்டும் சொல்லும், இரண்டு தடவை தட்டினால்தான் திறக்கும் என்பது எனக்குத் தெரியாது. நான் பதற்றத்தில் திரையெல்லாம் தடவ, அது கைபேசியில் இருந்த ஒவ்வொன்றையும் அரங்குக்கு ஏலம் விட்டது. தற்செயலாக விரல் இரண்டு முறை பட்டு ஒரு பாடம் திறந்தது.

"பக்கம் ஒன்று. படம்" என்றது குரல். பிறகு அமைதி.

"படத்துல என்ன இருக்கு?" என்று பேராசிரியை கேட்டார்.

"அது... இப்ப வரும் மேடம்."

வந்தது. ஆனால் பாடம் வரவில்லை.

"பாலா. புதிய செய்தி. மாப்ள, தலைவர் நல்லாத் தூங்குறாரு. எந்திரிக்கிறதுக்குள்ள முடிச்சிரு."

தலைவர் எழுந்துவிட்டார். கடைசி வரிசையில் பாலா நாற்காலிக்குக் கீழே எதையோ தேடப் போய்விட்டான். நான் செய்தியை மூடத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்கக் குரல் எதையெதையோ உளறியது. அந்த நேரம் பார்த்து வீட்டிலிருந்து என் மனைவி சிவகாமி.

"சிவகாமி. புதிய செய்தி. என்னங்க, டப்பாவுல இருக்குற அல்வா கமிட்டிக்காரவுகளுக்கு. பிரின்சிபால் கண்ணுல காட்டிராதீங்க. அவருக்குச் சுகர் வேற. போன தடவ டப்பாவையும் சேத்துக் கொண்டுட்டுப் போயிட்டாரு."

அரங்கில் யாரோ இருமினார்கள். பிறகு எல்லோருமே இருமினார்கள். முதல்வரின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கும் தைரியமில்லை. அவருக்கோ அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்பதே பிடிபடவில்லை. குழுவின் முன்னால் கத்தவும் முடியாது. தன் கைபேசியை எடுத்து ஒற்றை விரலால் எனக்கு ஒரே ஒரு சொல்லைத் தட்டி அனுப்பினார்.

"சர்க்குலர் சக்கரவர்த்தி. புதிய செய்தி. நிறுத்து."

என்னைத் தவிர, அரங்கில் அந்த நேரம் கைபேசியைக் கையில் வைத்திருந்தவர் ஒரே ஒருவர்தான். எல்லாக் கண்களும் அவரிடம் போயின. பேராசிரியை பேனாவை மூடிவைத்துவிட்டுக் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

நான் திரைக்குப் போகும் கம்பியைப் பிடுங்கினேன். படம் போனது, சத்தம் போகவில்லை. அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். "பவர் ஆஃப். ரீஸ்டார்ட். அவசர அழைப்பு" என்று என்னிடமே விருப்பம் கேட்டது. கைபேசியைச் சட்டைப் பைக்குள் போட்டேன். என் நெஞ்சில் பட்டு அது இன்னும் கொஞ்சம் பேசியது.

நாற்காலி நகரும் சத்தம். கார்த்திகைச்செல்வி மேடைப்பக்கம் வந்து கையை நீட்டினாள். "குடுங்க சார்."

கொடுத்தேன். அவள் விரல் திரையில் ஏழெட்டுத் தடவை தட்டியிருக்கும். அரங்கு அமைதியானது. என் வாழ்க்கையில் அதைவிட நிம்மதியான அமைதியை நான் கேட்டதில்லை. அடுத்த நொடியே அந்தக் குரலைவிட மோசமானது வந்தது.

பேராசிரியை அவளிடம் கேட்டார், "இந்த நோட்ஸ் உனக்குப் பயன்படுதாம்மா?"

"மொத்தம் நாப்பத்திரண்டு ஃபைலு மேடம். நாப்பத்திரண்டும் படம். ஒண்ணுல சாரோட கட்டவெரல் இருக்காம். நாகஜோதி சொன்னா."

"அப்ப எப்படிப் படிச்சே?"

"சாயந்தரம் பஸ்ஸுல நாகஜோதி வாசிப்பா. அவ வீடு செல்லூரு. பாதிப் பாடத்துலயே அவ ஸ்டாப்பு வந்துரும், எறங்கிருவா. மிச்சம் எனக்குத் தெரியாது மேடம். மறுநாள் சார் புதுப் பாடம் அனுப்பிருவாரு."

அவள் புகாராகச் சொல்லவில்லை. பேருந்து வழித்தடத்தைச் சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கு அந்த விடைத்தாள் ஞாபகம் வந்தது. எல்லா விடையும் செல்லூரில் இறங்கியிருந்தது. கீழே நான் போட்ட அந்தச் சிவப்பு வரியை அவளுக்கு வாசித்துக் காட்டியதும் நாகஜோதியாகத்தான் இருக்க வேண்டும். நாகஜோதி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'முதல்வர், குழு, அல்வா எல்லாம் போகட்டும், இந்தப் பிள்ளையின் கண்ணில் மட்டும் படாமல் எப்படி வெளியே போவது' என்று வழி தேடினேன். கதவு அவளுக்குப் பின்னால் இருந்தது.

மறுநாள் சுற்றறிக்கை வந்தது. ஆசிரியர்கள் தங்கள் கைபேசியில் மேலதிகாரிகளின் பெயரைப் பதவியோடு மரியாதையாகப் பதிய வேண்டும் என்று. கீழே முதல்வர் தன் கைப்பட ஒரு வரி சேர்த்திருந்தார்: 'ஒருங்கிணைப்பாளர் நாற்பத்திரண்டு பாடங்களையும் தட்டச்சு செய்து, சம்பந்தப்பட்ட மாணவியிடம் ஒப்புதல் கையெழுத்துப் பெற்றுத் தரவும்.' அவர் விட்ட சுற்றறிக்கைகளிலேயே உருப்படியானது அது ஒன்றுதான்.

தட்டச்சு செய்தேன். ஒவ்வொரு பாடத்தையும் கேட்டுவிட்டு அவள் குறை சொன்னாள். தலைப்பைத் தலைப்பு என்று தனியாகக் குறிக்கவில்லை, அட்டவணை குழம்புகிறது, ஒரே பத்தி ஒன்றரைப் பக்கம் போகிறது. விலை குறையக் குறைய வாங்குவது கூடும் என்று காட்டும் தேவைக் கோட்டில்தான் நான் மாட்டிக்கொண்டேன். 'இடமிருந்து வலமாகக் கீழ்நோக்கிச் சரியும்' என்று எழுதியிருந்தேன்.

"சரியும்னா என்ன சார்? வெல பத்து ரூவான்னா எம்புட்டு வாங்குவாங்க, எட்டுன்னா எம்புட்டு, அதச் சொல்லுங்க. சரியுறத நான் பாத்துக்கிறேன்."

பதினோரு வருடமாகக் கரும்பலகையில் ஒரே இழுப்பில் இழுத்த கோடு. அதை வார்த்தையில் சொல்ல ஒரு சாயங்காலம் முழுக்கப் பிடித்தது. மூன்றாவது முறை எழுதியதைக் கேட்டுவிட்டு, "ம், இப்பப் புரியுது" என்றாள். எனக்கும் அன்றைக்குத்தான் புரிந்தது என்பதை அவளிடம் சொல்லவில்லை. அடுத்த உள்தேர்வில் பத்தொன்பது வாங்கினாள். இருபதே வந்திருக்கும், ஒரு கேள்வியை நான் தப்பாகக் கேட்டுவிட்டேன். அதையும் அவள்தான் கண்டுபிடித்தாள். இப்போது ஒரு வங்கியில் வேலை பார்க்கிறாள். பண்டிகைக்கு வாழ்த்துப் படம் அனுப்பினால், 'இது என்ன படம் சார்?' என்று பதில் வரும்.

அதனால் எனக்கு ஒரு பழக்கம் தொற்றிக்கொண்டது. எந்தப் படத்தை யாருக்கு அனுப்பினாலும் அடியில் அது என்னவென்று எழுதாமல் விரல் நிற்காது. டி. கல்லுப்பட்டியில் என் மைத்துனர் புதுவீடு கட்டிக் குடிபுகுந்தபோது, அழைப்பிதழைச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டுவிட்டு, 'படம்: மஞ்சள் அட்டை, மேலே பிள்ளையார், இரண்டு பக்கமும் வாழைமரம்' என்று எழுதினேன். "மச்சான், எங்க எல்லாருக்கும் கண்ணு தெரியும்" என்று மைத்துனர் போனில் அழைத்தே சொன்னார். சிவகாமி தலையில் அடித்துக்கொண்டாள்.

விசேஷம் முடிந்த அன்று சாயங்காலம் மைத்துனர் குழுவில் ஒரு புகைப்படம் போட்டார். பந்தியில் நான். கீழே எழுதியிருந்தார்: 'படம்: பேராசிரியர் மச்சான், இலைக்கு முன்னால். குடிப்பது மூன்றாவது பாயசம். கையில் உள்ள அப்பளம் பக்கத்து இலைக்காரருடையது.'

இப்போது எங்கள் குடும்பத்தில் என் படத்தை யார் போட்டாலும் கீழே இப்படி எழுதாமல் விடுவதில்லை. நான் கோபித்துக்கொள்ள முடியாது. விளக்கம் ஒவ்வொரு தடவையும் சரியாக இருக்கிறது.